அண்ணி வேலை நாத்தனாருக்கு

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவள் அவள். அந்தச் சனிக்கிழமை காலையில் தன் செல்போனில் எழுதி வைத்திருந்த வேலைகளைப் பார்த்தபோது எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கண்ணிலோ போட்டிருந்த கண்ணாடியிலோ புதிதாகக் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு வாரம் படுத்தி எடுத்த காய்ச்சல், போகும்போது தலைக்குள் இருந்த தெம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாஷிங் மெஷின் ரிப்பேருக்குச் சொல்ல வேண்டும். அது ஓடினால்தான் திரைச்சீலைகளைத் துவைக்க முடியும். பீரோவை ஒழிக்க வேண்டும். தோழிக்குப் பதில் எழுத வேண்டும். அதற்குக் கீழே இன்னும் நீண்டது. ஒன்றையாவது முடித்த திருப்தி கிடைக்கட்டுமே என்று கடைசியில் ‘பல் தேய்க்கணும்’ என்று சேர்த்தாள். பல்லை ஏற்கெனவே தேய்த்திருந்தாள். அதை அடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். இரவல் வாங்கிப்போன இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கதவு திறப்பதற்குள் நான்கு முறை மணியடித்தாள். பியூட்டி பார்லர் நடத்துகிறவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘புயல்’.

“என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? அண்ணன் எங்கே?”

“வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார். இதைப் பாரு.” செல்போனை நீட்டினாள். “எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியலை. பார்த்தாலே அழுகையா வருது.”

புயல் படித்துப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

“ஏன் சொல்ல மாட்டே!”

“நிஜமாத்தான் அண்ணி. ஒருத்தருக்கு போன் பண்ணணும், பீரோவுல கொஞ்சம் துணி. என்னோடதைப் பார்த்தா மயக்கம் போட்டுடுவீங்க.” தன் செல்போனைத் திறந்து காட்டினாள். முதல் வரியே மாடி வீட்டுக்காரர்தான். “அவர் செடிக்கு ஊத்தற தண்ணியெல்லாம் என் பால்கனியில காயற துணி மேலதான் விழுது. மூணு மாசமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். மாடிப்படி ஏறுவேன், அவர் செருப்பைப் பார்த்ததும் இறங்கிடுவேன்.”

“நீயா? வாய் மூடாம பேசறவளாச்சே!”

“முடி வெட்டிக்கிட்டே பேசச் சொல்லுங்க, நாள் பூரா பேசறேன். குறை சொல்லணும்னா மட்டும் நாக்கு ஒட்டிக்குது.”

“இதுக்கா இப்படி மலைச்சுப் போயிருக்கே? மேலே போய் ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சது.”

சொல்லிவிட்டு அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். புயல் விடவில்லை.

“அப்போ நீங்க போய்ச் சொல்லுங்க. உங்களோடதை நான் பார்த்துக்கறேன். அந்த போனை வெச்சுட்டுப் போங்க. மூச்சு வாங்கினா உக்காந்துடணும், ஆமா!”

நாத்தனார் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அண்ணி நிதானமாக நடந்து போய், படிக்குப் படி நின்று மாடி ஏறினாள். கதவைத் திறந்த மாடி வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அன்று அவருக்கு விடுமுறை. ஆள் வாட்டசாட்டமாக இருந்தார்.

“கீழ் வீட்டுப் பொண்ணோட அண்ணி நான். உங்க செடித் தண்ணி அவ துணி மேல விழுது. சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெம்பு இல்லைங்க, அதான் நேரா சொல்லிட்டேன்.”

“அய்யய்யோ, துணி மேலயா?” அவர் பதறிப்போனார். “அவங்க சொல்லவே இல்லையேம்மா! என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. என்ன கோபமோன்னு நான்தான் பயந்து பயந்து படி இறங்கிட்டிருக்கேன்.”

அண்ணிக்குச் சிரிப்பு வெடித்தது. காய்ச்சல் வந்த பிறகு இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரித்ததில் இருமல் வந்தது. அவர் ஓடிப்போய் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார். குடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் காலை நூலால் கட்டியிருந்தார்.

“அதைக் கழட்டிக் குடுங்க.”

கைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்குரூடிரைவரும் சில திருகாணிகளும் கிடக்கும். நூலை அறுத்து, திருகாணி போட்டு, காலை லேசாக வளைத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். கை தானாக ஓடியது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளவே இல்லை. அவர் மாட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பினார்.

“அட, என் செடியில இவ்வளவு பூச்சியா!”

பூச்சிகளைத் திட்டிக்கொண்டே தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் நகர்த்தினார். அண்ணி நாற்காலியில் சாய்ந்தபடி, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்று வேலை வாங்கினாள்.

புயலின் மற்ற வேலைகளுக்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. பரவாயில்லை என்று வீட்டுக்குத் திரும்பினாள். வாசலுக்கு வரும்போதே உள்ளே ஒரே சத்தம். மெக்கானிக் வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஒற்றைக் காலுறையை உருவி எடுத்து, மீன் பிடித்தவர் மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் அவளுடைய தோழி உட்கார்ந்திருந்தாள், மடியில் கைக்குழந்தையோடு.

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை பிறந்த செய்தியைத் தோழி அனுப்பி நான்கு மாதமாகியும் இவள் பதில் போடாமல் வைத்திருந்தாள். முதலில் நேரமில்லை, அப்புறம் தாமதமாகிவிட்டதே என்ற கூச்சம், அதன் பிறகு காய்ச்சல்.

“நீ எப்படி இங்கே...”

“உன் நாத்தனார்தான் வரவழைச்சா. அவ என்ன அனுப்பினா தெரியுமா?” தோழி செல்போனைப் பார்த்துப் படித்தாள். “‘நான் அவங்க நாத்தனார். அண்ணி நல்லா இருக்காங்க, மூளைதான் லீவுல இருக்கு. குழந்தையோட இன்னிக்கே வாங்க.’”

“அடிப்பாவி!” என்றாள் அண்ணி. புயல் பீரோவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

“உனக்குப் பதில் போடணும்னு தினமும்...” என்று ஆரம்பித்தவள், தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “தப்பா நினைச்சுக்காதே.”

“போடி! நான் உனக்கு ராத்திரி ராத்திரி மெசேஜ் டைப் பண்ணி, அனுப்பறதுக்குள்ள தூங்கிப் போயிடறேன். இந்தா, இவனைப் பிடி. என் கை மரத்துப் போச்சு.”

குழந்தை கனமாக, கதகதப்பாக இருந்தான். அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பிறகு கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து அவளுக்கும் கொட்டாவி வந்தது. சோபாவில் சாய்ந்தாள்.

எப்போது கண் அசந்தாள் என்று தெரியவில்லை. யாரோ குழந்தையை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. புயல் மாடி வீட்டுக்காரரைப் பற்றி என்னவோ சொல்ல, தோழி சிரித்தாள். அடுத்து பேச்சு தன் பக்கம்தான் திரும்புகிறது என்று அரைத் தூக்கத்திலேயே அண்ணிக்குத் தெரிந்தது. எழுந்து ஒரு வார்த்தை பதில் சொல்லலாமா என்று யோசித்தாள். அப்புறம், பேசிக்கொள்ளட்டும் என்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.