நீங்க எடுங்க அண்ணி

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சின்னவளுக்குப் பெரிய பேர். வீறிட்டு அழும் குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதே கையில் இறகுப்பந்து மட்டையைக் கொடுத்துவிட்டால் போதும், ஆள் அடையாளம் தெரியாமல் சுருங்கிப்போவாள்.

ஆட்டம் அவளுக்கு நன்றாகவே தெரியும். கூட ஆடுவது அண்ணி என்பதுதான் சங்கடம். அண்ணி ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். நான்கு வருடமாக ஆஸ்பத்திரியின் சாம்பியன். இருவருக்கும் நடுவே பந்து வந்தால், "நான்" என்றோ "விடு" என்றோ ஒருத்தி கத்தியாக வேண்டும். சின்னவளோ, "நீங்க எடுங்க அண்ணி" என்பாள். அந்த மரியாதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையைத் தொட்டு, எதிரணி ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு போய்விடும். பார்க்கிறவனுக்கே பற்றிக்கொண்டு வரும்.

கோர்ட்டுக்குள் தன்னை அண்ணியாகவே நினைக்க வேண்டாம் என்று அண்ணியும் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சின்னவள் தலையாட்டுவாள். ஆனால் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினோரு வருடம் 'நீங்க' என்றே பழகிய நாக்கு. பந்தைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிவிடுமா என்ன?

விளையாட்டுப் பொறுப்பாளர் கடைசியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: மருந்தகத்துப் பெண்களிடம் தோற்றால், வெளியூர்ப் போட்டிக்கு அண்ணியோடு வேறு ஆள் போகும். சின்னவள் சரி என்றாள். பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். போக வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லவும் அவளுக்குக் கூச்சம்.

கடைசி செட்டில் மருந்தகத்துப் பெண்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வேண்டுமென்றே நடுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருபது, இவர்கள் பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பந்து உயரப் போய், இருவருக்கும் நட்டநடுவில் இறங்கியது. அண்ணி மட்டையை ஓங்கினாள். அது தனக்குத்தான் வாகாக வருகிறது என்று சின்னவளுக்குப் பட்டது. தோலுக்கடியில் நரம்பு தெரிவதுபோல அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது.

"விடுடி!"

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. சின்னவள் எம்பி அடித்த அடியில் பந்து எதிரணியின் காலடியில் போய் விழுந்தது. பதினோரு வருடக் குடித்தனத்தில் தன் வாயில்கூட வராத வார்த்தை அது என்று, பெஞ்சில் இருந்த அண்ணன் பக்கத்து ஆளிடம் முனகினான்.

அடித்த சந்தோஷம் சின்னவளுக்கு ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. முகம் வெளிறிப்போய், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அண்ணி முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மரியாதையெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம். இந்தச் சத்தம் எப்ப வரும்னுதான் ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "ஆனா 'விடு' போதும். அந்த 'டி' கொஞ்சம் அதிகம்."

இருபதுக்கு இருபது. பந்து நாலைந்து தடவை அங்குமிங்கும் போய்வந்து, மறுபடி நடுவில் எழும்பியது. சின்னவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி விலகி, அவளுக்கு இடம்விட்டு நின்றிருந்தாள்.