மாடி அறைக் கூட்டம்

வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர்கள் வைத்திருந்த பெயர் பூட்டு. மொட்டை மாடிக்குப் பூட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பூட்டு, யாராவது வாய் திறந்து எதையாவது கேட்டால் அந்த வாய்க்கும் பூட்டு. அவரால் பூட்ட முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், மேல்தளத்துத் தகரக்கூரை அறையின் ஜன்னல். அது பக்கத்திலிருந்த அவர் வீட்டு மாடியைப் பார்த்தபடி இருந்தது. கண்டவர்கள் கண்ணும் தன் வீட்டு மேல் விழுவதா என்று கொத்தனாரை விட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

கீழ் அறையில் குடியிருந்த தையல்காரியின் தங்கை அந்த அறையில்தான் செத்தாள். பொட்டலம் கட்டும் கம்பெனியில் அவளுக்கு இரவு வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு. போன கோடையில் ஒரு மத்தியானம் தூங்கினவள் எழுந்திருக்கவேயில்லை. பூட்டு வந்தார், வாசலுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"பலவீனமான உடம்பும்மா. சாப்பாடு சரியில்ல. வீட்டு மேல பழி போடாதீங்க."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அடுத்த மாதமே இன்னொரு இரவு வேலைக்காரியை அங்கே குடிவைத்தார். அக்காக்காரிக்குக் கண்ணீர் அத்தோடு வற்றிப்போனது, வயிற்றெரிச்சல்தான் வற்றவில்லை. இந்த அறைதான் ஆளைக் கொன்றது என்று அந்த வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் வெயில் ஏறிக்கொண்டு போகிறதே, நெருக்கடியான குடியிருப்புகளில் யாருக்கு என்ன நோய் வருகிறது என்று பார்க்கிறார்களாம், அதுவும் அங்கே குடியிருப்பவர்களையே கூட வைத்துக்கொண்டு. தையல்காரி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். அறை அறையாக வெப்பமானி மாட்டினாள், யாருக்குத் தலைசுற்றல், யாருக்கு மயக்கம் என்று விசாரித்தாள்.

"வேர்க்கற வரைக்கும் சமாளிச்சுடலாம். வேர்வை நின்னு, பேச்சும் குழற ஆரம்பிச்சா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்று அவர்களோடு வந்த டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். தங்கைக்கும் அப்படித்தான் பேச்சு குழறியிருக்கும், கேட்கத்தான் ஆளில்லை. அதை நினைத்தபோதெல்லாம் தையல்காரிக்கு ரத்தம் கொதித்தது.

ஆராய்ச்சியில் தெரிந்ததை முதலில் குடியிருப்பவர்களிடம்தான் சொல்ல வேண்டும், எங்கே கூடுவது என்பதும் அவர்கள் இஷ்டம். இது டாக்டரம்மா ஆரம்பத்திலேயே கொடுத்த வாக்கு. வீட்டுக்காரருக்கும் அழைப்பு உண்டு.

"ஃபேன் இருக்கற ஹால் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம்மா. மாடி ரூம்ல வச்சுக்கலாம். மத்தியானம்."

"யாருக்கும் கஷ்டம் வரக்கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கே."

"அங்க குடியிருக்கறவளுக்கு அந்த விதி கிடையாதாம்மா?"

கதவு திறந்திருக்கணும், குடத்தில் தண்ணீர் இருக்கணும், முடியாதவர்கள் எழுந்து போகலாம் என்று சொல்லி டாக்டரம்மா அரை மனதோடு ஒப்புக்கொண்டார். பூட்டு எழுந்து போக மாட்டார் என்பது தையல்காரிக்குத் தெரியும். வீம்புக்கென்றே பிறந்த மனிதர்.

கூட்டத்தன்று சலவைச் சட்டையும் பவுடர் வாசனையுமாக வந்து சேர்ந்தார். தையல்காரி தன் வீட்டு நாற்காலியைத் துடைத்து, கதவுக்கு எட்டாத மூலையில், அடைத்த ஜன்னலை ஒட்டிப் போட்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"ரூம் எப்படிங்கய்யா இருக்கு?"

"காத்தோட்டமான ரூமாச்சே! இதுக்குப் போய்க் கூட்டம் போடறீங்க."

மொத்தக் கட்டடமும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா ஒவ்வோர் அறையின் சூட்டையும் சொல்லிக்கொண்டு வர, தையல்காரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேகம் கேட்டாள். நன்றாகப் புரிந்ததையும் புரியவில்லை என்றாள். மேலே தகரம் வெயிலில் விரிந்து படபடவென்று சத்தம் போட்டது. பூட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஐயா, நீங்க வேணா கீழ போங்க" என்றார் டாக்டரம்மா.

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்."

தையல்காரி தண்ணீர் நீட்டினாள். இங்கே எல்லாம் தான் கை நனைப்பதில்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்வானேன், அவளுக்கு இனித்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி காய்ந்துபோனது. முகம் செக்கச் சிவந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற தையல்காரிதான் அதை முதலில் பார்த்தாள்.

"ஜன்னல... ஜன்னலத் திற" என்றார். நாக்கு குழறியது. கை செங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"எந்த ஜன்னலுங்கய்யா?"

"காத்தே இல்ல... இந்த ரூம்ல... ஆளு செத்துடுவான்."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். அவள் கை குடத்தின் மேல் இருந்தது, ஆனால் நகரவில்லை. தங்கைக்கு நீளாத கை இவனுக்கு மட்டும் ஏன் நீள வேண்டும்? அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் செத்துப்போனால் இவன் தப்பித்துவிடுவான். சட்டென்று குடத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள்.

"வழிய விடுங்க! கீழ தூக்குங்க!" என்று கத்தினாள்.

பிழைத்துக்கொண்டார். இரண்டொரு நாள் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"கல்லு மாதிரி இருந்த மனுஷன். என்னாச்சுன்னே தெரியலம்மா."

தையல்காரி கட்டிலில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பலவீனமான உடம்பும்மா. சாப்பாடு சரியில்ல. வீட்டு மேல பழி போடாதீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழத்தை உரித்துக்கொடுத்தபடியே, தங்கை கதை முழுவதையும் தையல்காரி அந்த அம்மாளிடம் சொன்னாள். பூட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே மனைவி கொத்தனாரை அனுப்பிவிட்டார். ஜன்னல் திறந்ததும் தையல்காரி தன் கீழ் அறையை இரவு வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, மிஷினோடு மாடிக்குக் குடிவந்தாள். மிஷினை ஜன்னலோரமாகவே போட்டாள்.

சாயங்காலம் காற்று வாங்கப் பூட்டு தன் மாடிக்கு வருவார். மிஷின் சத்தம் நிற்கும். தையல்காரி தலையைத் தூக்கி அவரைப் பார்ப்பாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே மாதிரிக் கண். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார், பிறகு ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவார். வெயில் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, உள்ளேயே கிடந்து வேகட்டும் என்று அவள் மறுபடியும் மிதிக்கத் தொடங்குவாள்.