இரண்டாவது கோடு

சோதனைப் பட்டியில் ஒரு கோடு விழுந்தால் நிம்மதி. இரண்டு விழுந்தால் அந்தப் பண்டத்தில் கோதுமை கலந்திருக்கிறது என்று அர்த்தம். கொக்குவிலில் இருக்கும் ஒரு சின்ன உணவு ஆய்வுகூடத்தில் ஷரோன் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறாள். வெளிநாட்டுக்குப் போகிற ஒடியல் மா, குரக்கன் மா, முருங்கையிலைத் தூள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். ரயில் போகும்போது மேசைத் தராசு நடுங்கும். அந்த நேரம் நிறுப்பதை நிறுத்திவிட்டு ஒரு வாய் தேத்தண்ணீர் குடிப்பாள். நல்ல வேலைதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவளுக்குத் தேத்தண்ணீரும் கசந்தது. முன்னால் கிடந்த பட்டியில் இரண்டு கோடு பளிச்சென்று விழுந்திருந்தது.

அது ஏதோ கம்பனி அனுப்பிய மாவாக இருந்தால் அறிக்கை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இது அவளே தன் கையால் சுட்ட அப்பம்!

விஷயத்தை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். ஷரோனின் அக்கா ஐரிஸுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால், கத்தரிக்காய் தின்றால் உடம்பு கடிக்கும் என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அந்த மாதிரி இல்லை. கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் ஒரு துணிக்கை உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, நாட்கணக்கில் படுக்கையில் விழுத்திவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னர்தான் கொழும்பில் கண்டுபிடித்தார்கள். அதுவரை எத்தனை பரியாரிமார், எத்தனை கசாயம்! யாழ்ப்பாணத்தில் கோதுமை இல்லாமல் சீவிப்பது லேசுப்பட்ட காரியமா? காலையில் கடை ரொட்டியான பாண், இரவில் அவிச்ச கோதுமை மாப் பிட்டு, யாராவது வந்தால் றோல்ஸ். ஐரிஸ் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் விட்டாள். ஒன்றை விட்டதுதான் அவளுக்கு ஆறவில்லை. சபையில், இயேசுவின் கடைசி இராப்போசனத்தின் நினைவாக எல்லோரும் எடுக்கும் திருவிருந்துக்கு வைப்பதும் கடைப் பாண்தான். துண்டுகள் வைத்த தட்டு, ஆட்கள் வரிசையாக இருக்கும் வாங்கு வாங்காகக் கைமாறி வரும். ஐரிஸ் அதை அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, சின்னக் கிளாசில் வரும் திராட்சைச் சாற்றை மட்டும் குடிப்பாள்.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று அவள் மகன் ஜொனதன் சபையின் முழு உறுப்பினனாகத் திடப்படுத்தல் பெற்று, முதல் முறையாகத் திருவிருந்து எடுக்கப் போகிறான்.

"எடி ஷரோன், அவனுக்குப் பக்கத்திலை இருந்து நானும் ஒருக்கா எடுக்கவேணும்," என்றாள் ஐரிஸ். "உன்ரை லாபிலை ஏதும் வழி இருக்கோ?"

தனக்கென்று அக்கா வாய் திறந்து எதையும் கேட்டு ஷரோன் கண்டதில்லை. அன்றைக்கே பச்சையரிசி ஊறப்போட்டாள். வீட்டில் இருந்த கோதுமை மாப் பேணியும் அதை அரிக்கிற அரிதட்டும் அடுத்த வீட்டுக்குப் போயின.

"அப்ப பிட்டு?" என்று கேட்டான் கணவன் அன்புராஜா.

"தனி அரிசிமாப் பிட்டு. விருப்பமெண்டாச் சாப்பிடுங்கோ, இல்லாட்டிப் பட்டினி கிடவுங்கோ."

புதுச் சட்டி வாங்கி, தட்டையாக ஓர் அப்பம் சுட்டாள். மேலாளரிடம் அனுமதி கேட்டு ஆய்வுகூடத்தில் சோதித்தாள். ஒரு கோடுதான். ஆனாலும் பரிசோதகி அல்லவா, அடுப்படியில் சுத்தமாக இருப்பது திருவிருந்து மேசைக்குப் போய்ச் சேரும்வரை சுத்தமாக இருக்குமா என்று பார்க்காமல் அவளுக்கு நித்திரை வராது. பங்குனி முதல் ஞாயிறுத் திருவிருந்தை வெள்ளோட்டமாக வைத்துக்கொண்டாள். அப்பத்தை மூடிய பெட்டியில் போட்டு சிமியோன் அண்ணையிடம் கொடுத்தாள். சிமியோன் அண்ணை ஓய்வுபெற்ற தபாலதிபர். சபையின் மேசையை ஆயத்தம் செய்வது வெகு காலமாக அவர் பொறுப்பு. அந்த வெள்ளைச் சீலையில் ஒரு சுருக்கம் விழவும் விடமாட்டார்.

"அண்ணை, உது அக்காவுக்கு. இந்தமுறை அவ சாப்பிடமாட்டா. ஆராதனை முடிய நான் எடுத்துச் சோதிச்சுப் பாக்கப்போறன்."

"சோதிக்கிறதோ? ஆண்டவற்றை மேசையையோ?" சிமியோன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "விட்டா ஆண்டவரையும் போத்திலுக்கை விட்டுக் குலுக்குவியள் போலை."

மறுநாள் குலுக்கித்தான் பார்த்தாள். அந்த இரண்டு கோடு விழுந்தது அப்போதுதான்.

கத்தியாக இருக்கலாம், தட்டாக இருக்கலாம், அந்த வெள்ளைச் சீலையாகக்கூட இருக்கலாம் என்று ஷரோன் ஒவ்வொன்றாக யோசித்தாள். அடுத்த தடவை எல்லாவற்றையும் மாற்றினாள். அப்பத்தைத் தானே துண்டாக்கி, மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை, திடப்படுத்தல் பிள்ளைகளுக்குப் போதகர் ஜெறோம் ஒத்திகை வைத்தார். அன்றும் சிமியோன் அண்ணை மேசையை முறைப்படி ஆயத்தம் செய்தார். ஷரோன் சோதனைப் பட்டிகளைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தாள். ஒத்திகை முடிந்ததும் பக்கத்து அறையில் வைத்தே ஒரு துண்டை நசித்து, கரைசலில் குலுக்கி, பட்டியை இறக்கினாள். திரும்பவும் இரண்டு கோடு!

"கோதாரி! அண்ணை, இந்தக் கிண்ணத்தை ஆர் திறந்தது?"

"நான்தான். வேறை ஆர் திறக்கிறது?"

"திறந்து?"

சிமியோன் அண்ணை மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "சபைப் பாணிலை ஒரு பொட்டுக் கிள்ளி, துண்டுகளுக்கு மேலை வைச்சு அமத்தினனான். போன முறையும் அப்பிடித்தான்."

"ஏன் அண்ணை?"

"ஏனோ? மேசையிலை அப்பம் ஒண்டுதான் இருக்கவேணும் பிள்ளை. அவவுக்குப் புறம்பா ஒண்டு வைச்சா அது திருவிருந்தோ, ஆஸ்பத்திரிச் சாப்பாடோ? அதுதான் எங்கடையிலை ஒரு பொட்டுச் சேத்தனான். ஒரு எறும்புக்கும் காணாது."

"உங்களுக்கென்ன விசரோ!" ஷரோனுக்குத் தலைக்கேறிவிட்டது. தகப்பன் வயது மனிதர், போதகர் பக்கத்தில் நிற்கிறார், ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. "அந்த எறும்புக்குக் காணாத பொட்டாலை, மோன்ரை நல்ல நாளண்டு அவ பாயிலை கிடந்து துடிச்சிருப்பா. தெரியுமோ?"

அவர் நம்பவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டு ஆளைப் படுத்துமாம்! ஷரோன் இரண்டு பட்டிகளை எடுத்தாள். தன் பெட்டியில் மிஞ்சியிருந்த, யாரும் தொடாத ஒரு துண்டை ஒன்றில் சோதித்தாள். அதேபோல் இன்னொரு துண்டில் ஊசிமுனை அளவு பாண் துணிக்கையை வைத்து மற்றதில் சோதித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பட்டி ஒரு கோட்டோடு நின்றது. மற்றதில் இரண்டாவது கோடு மெல்ல மெல்லச் சிவந்து வந்தது.

சிமியோன் அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் அவவுக்கு நன்மை எண்டு நினைச்சுத்தான் பிள்ளை செய்தனான்," என்றார். "மூண்டு வருஷமா அவ தட்டைத் தொடாமல் அங்காலை குடுக்கிறதைப் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன். என்ரை நெஞ்சு கிடந்து அடிக்கும்."

ஷரோனின் கோபம் அந்த இடத்திலேயே வற்றிப்போனது. தங்கச்சியாகிய தனக்கு மட்டும்தான் அந்த வலி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பேசியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

பிறகு சிமியோன் அண்ணை நிமிர்ந்தார்.

"ஐயா, மேசையிலை பாண்தான் வைக்கவேணும் எண்டு எங்கடை சபையிலை சட்டம் இருக்கோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார் போதகர் ஜெறோம்.

"அப்ப என்ன! எங்கடையதை அவவின்ரையிலை சேக்கேலாதெண்டா, அவவின்ரையை நாங்கள் எல்லாரும் சாப்பிடுவம். அப்பம் ஒண்டுதானே இருக்கவேணும்?"

அட, இது தனக்குத் தோன்றவில்லையே என்று ஷரோன் சிரித்துவிட்டாள். ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பதையே வேலையாகச் செய்பவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சனிக்கிழமை அவள் குசினி கலியாண வீடாகிவிட்டது. அன்புராஜா மா அரித்தான். சிமியோன் அண்ணை வாசலிலேயே நின்று, "காலமை பாண் தொடேல்லை, சத்தியமா," என்று சொல்லிவிட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கை கழுவிய பிறகுதான் உள்ளே வந்தார். முதல் அப்பம் கருகியது. அடுத்தது சட்டியோடு ஒட்டியது. அவர் சொன்ன யோசனைகளுக்குக் கணக்கில்லை, ஒன்றும் உதவவில்லை. ஆனாலும் அன்றுபோல ஷரோன் சிரித்துச் சமைத்த நாள் இல்லை.

குருத்தோலை ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்னர், மேசையில் இருந்தே ஒரு துண்டை எடுத்துச் சோதித்தாள். சிமியோன் அண்ணை அவளைவிடக் கிட்டவாகக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு கோடு.

திருவிருந்து தொடங்கியது. "என்னப்பா இது, பிட்டு மாதிரி உதிருது," என்று பின் வாங்கில் இருந்த யாரோ முணுமுணுத்தார்கள். சிமியோன் அண்ணை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாய் அடைத்துப்போனது. தட்டு கைமாறி வந்தது. ஜொனதன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தாய் எடுக்கமாட்டாள் என்ற பழைய நினைப்பில் அவளைத் தாண்டிச் சித்தியிடம் தட்டை நீட்டப் போனான். ஐரிஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூன்று வருஷமாக எதை எடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தின்றவள், கண்ணை மூடிக்கொண்டே தட்டில் கையை விட்டு, அகப்பட்ட துண்டை எடுத்து வாயில் போட்டாள்.