அரண்மனை வாசலில் நின்றவள்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அருவியில் நின்றால் மட்டும் போதாது. காசைக் கரைக்க இன்னும் ஏதாவது வேண்டும். எண்பத்தேழில் அந்தக் குறையைத் தீர்க்க ஏசுவடியான் வீடியோ கேம் கடை போட்டார். தென்காசியில் தறி நெய்துகொண்டிருந்த பரீது சீசன் முடியும்வரை அங்கே வேலைக்கு வந்தான்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கேம் பெட்டிக்குத்தான் கிராக்கி. அதில் ஒரு சீனாக்காரி. அந்தக் காலத்துச் சீன அழகி ஒருத்தியை வைத்துச் செய்த ஆட்டம் என்று ஏசுவடியான் சொன்னார். அவள் ஆற்றில் நூல் அலசினால் மீன்கள் அவளைப் பார்த்து நீந்த மறந்து முங்கிப்போகுமாம். அவளுக்கு நெஞ்சுவலி உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தால் அதுவும் அழகாம். கடைசியில் சொந்த ஊர்க்காரர்களே அவளைப் பகை ராஜாவுக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்டார்களாம். ஆட்டமும் அதுதான். பேயும் பூதமும் மறிக்கிற வழியில் அவளை அரண்மனைவரை கொண்டுபோக வேண்டும். வாசலில் 'உள்ளே போகிறாயா?' என்று இங்கிலீஷில் கேள்வி வரும். பட்டனைத் தொடாமல் சும்மா நின்றால் போதும், அவளே உள்ளே போய்விடுவாள். ஜெயித்தாச்சு.

பரீதின் தங்கை நூர்நிஷாவுக்கும் நெஞ்சில் கோளாறு. பிள்ளை பெற்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாப்பாவும் உம்மாவும் போன பிறகு பொறுப்பெல்லாம் அண்ணன் தலையில். துபாயில் வேலை பார்க்கும் முகம்மது மீரானுக்குப் பெண் கேட்டு வந்தபோது பரீது அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளையும் சொல்ல விடவில்லை. வந்த பெண்கள், அவள் நெஞ்சில் கை வைத்ததை வெட்கம் என்று நினைத்தார்கள். சுளித்தால்கூடப் பிள்ளை லட்சணமாக இருக்கிறாள் என்று பூ வைத்துவிட்டுப் போனார்கள். பரீதுக்கு அது எதனால் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாயைத் திறந்தானா?

மறுநாளிலிருந்து சீனாக்காரி வாசலில் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். ஆடுகிறவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்கும் பரீதைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது தெரியவில்லை, ஜெயித்துவிட்டதாகக் குதித்தார்கள். ஏசுவடியானிடம் சொன்னான். கல்யாண வேலையில் தூக்கம் கெட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மத்தியானம் காற்று பிடித்துக் கரண்ட் போனது. எல்லாப் பெட்டிகளும் அணைந்தன, அவளுடையது மட்டும் அணையவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடியில் கையை ஊன்றி நின்றாள். பரீது தன்னையறியாமல் அந்த இடத்தைத் தொட்டான். கண்ணாடி துடித்தது. அந்தத் துடிப்பு ஓடி, தடுக்கி, நின்று, மறுபடி ஓடியது. சிறுவயதில் தங்கையைத் தூக்கித் தோளில் போட்டபோது அவன் உணர்ந்த அதே துடிப்பு. செருப்பைக்கூட மாட்டாமல் சாரலில் இறங்கி ஓடினான். மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். வீட்டு வாசலில் பந்தல்காரர் வந்து நிற்கவும் அந்த முடிவு கரைந்துபோனது.

நிக்காஹ் அன்று சாட்சிகள் இருவரோடு பெண் இருந்த அறைக்குப் போனான். பெண்ணிடம் சம்மதம் கேட்கவேண்டும். கன்னிப்பெண் வெட்கத்தில் பேசாவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"முகம்மது மீரானுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கேன். சம்மதமாம்மா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டான். வளையல் சத்தம் மட்டும் வந்தது. பிள்ளைக்கு வெட்கம், போய் ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று மாமி சைதூன் பீவி உள்ளேயிருந்து சிரித்தாள். பரீது இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். சாட்சிகள் நடந்துவிட்டார்கள், அவனும் பின்னாலேயே போனான்.

நிக்காஹ் ஓதி முடிந்ததும் தங்கையைப் பார்க்க வந்து திரையை விலக்கினான். நூர்நிஷா சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது. கண் அவன்மேல் இருந்தது.

"நீ கேக்கையில மூச்சு முட்டிட்டுண்ணே," என்றாள். "வேண்டாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள போயிட்டியே."

வெளியே மாப்பிள்ளையைத் தழுவி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். யாரோ பரீதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.