பின் சீட்டில் கலியபெருமாள்

கதவு தானாகத் திறந்தது, யாரும் தொடவில்லை, கறுப்பு வண்டியின் பின் கதவு யானைக் காது விரிகிற மாதிரி மெல்ல விரிந்து நின்றது, உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய சீட், யாரோ பெரிய மனிதர் ஏறப் போகிறார் என்று கலியபெருமாள் ஒரு எட்டு ஒதுங்கி நிற்கிறார், கும்பகோணத்தில் முப்பது வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டிய உடம்பு அப்படித்தான் ஒதுங்கும், ஏறப் போகிறவர் தாமேதான் என்று உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஏறினார், ஏறியதும் கை பழக்கத்தில் நீண்டு கதவை இழுத்தது, உள்ளங்கையால், ஓசை எழாமல், விருந்தாளியின் சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்ளாத பக்குவத்தில், ஆனால் கதவு இசையவில்லை, அடியில் எங்கேயோ ஒரு கம்பி முனகியது, முன்னால் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை பதறிப்போய் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த, கதவைத் திறந்து மூடும் நெம்புகோலை விட்டது, ஸாரி ஸாரி என்றார் கலியபெருமாள், முன் சீட்டும் ஸாரி ஸாரி என்று தலையைக் குனிந்தது, வண்டி நகர்ந்துவிட்டது.

அந்த முன் சீட்டைப் பார்க்கத்தான் அவர் கடல் தாண்டி வந்திருக்கிறார், கியோத்தோவைப் பார்க்க இல்லை. நேற்று ஒசாகாவில் அபிராமி தன் ஒண்டுக்குடித்தன ஃபிளாட்டில் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், நான் கட்டிக்க நினைக்கிற தக்குமியோட அப்பா பேரு நிஷிகாவா, கியோத்தோல டூரிஸ்ட் கார் ஓட்டறார்ப்பா, உங்களை மாதிரியேதான், நாளைக்கு நீங்க அவர் வண்டியில ஊர் சுத்திப் பாக்கப் போறீங்க, என் ஃபிரண்டு பேர்ல புக் பண்ணிருக்கேன், நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாது, நீயும் வாயேம்மா என்றதற்கு, நான் வந்தா நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க, அவரைப் பாக்க மாட்டீங்க, சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, சரின்னா சரி, வேணாம்னா தக்குமிகிட்ட வேணாம்னு சொல்லிடுவேன், அதான் எனக்குப் பயமா இருக்கு என்றாள், ஓடிப்போய்க் கட்டிக்கிட்டேன் என்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது, கத்தலாம், அழலாம், ஆறிப்போகும், இப்படி முடிவை அப்பன் கையில் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாளே, பாவி மகள்.

சரி, ஒற்றன் வேலை, செய்துதான் பார்ப்போம். ஒரு மனிதனை எடைபோட கலியபெருமாளிடம் இருக்கும் தராசு ஒன்றே ஒன்று, ஸ்டியரிங்கில் அவன் எப்படி, குடிகாரனா, கோபக்காரனா, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவனா, இரண்டு வளைவுக்குள் சொல்லிவிடுவார், இந்த ஆள் பத்து வளைவு தாண்டியும் பிடி கொடுக்கவில்லை, சந்துக்குள் ஒரு கிழவி சைக்கிளில் நடு ரோட்டில் ஆடி ஆடிப் போகிறாள், இவர் பின்னாலேயே ஊர்வலம் போகிறார், ஹாரன் இல்லை, அடப்பாவி, ஒரு தட்டு தட்டேன்யா என்று கலியபெருமாளின் வலது கை தொடையில் ஹாரன் அடிக்கிறது, வலது கால் விரிப்பில் பிரேக் போடுகிறது, சந்து கும்பகோணத்துச் சந்தாகிவிடுகிறது, மூங்கில் தட்டியும் மரச்சட்டமுமாக இருந்த வீடுகளுக்கு நடுவே எங்கேயிருந்தோ வெண்கலப் பட்டறைச் சத்தம் கேட்கிறது, இல்லை, அது பக்கத்தில் ஏதோ கோயில் மணி, ஹாரன் அடிக்காத மனுஷனை எப்படி நம்புவது, உள்ளே எல்லாவற்றையும் அடக்கி வைத்திருப்பானோ. முன்னால் இடது பக்க சீட் காலியாகத்தான் இருந்தது, அங்கே ஒரு ஃபிளாஸ்க்கும் தொப்பியும் மட்டும் உட்கார்ந்து வந்தன. தன் வண்டியிலும் அந்த சீட் அப்படித்தான், பின் சீட் விருந்தாளிக்கு, முன் சீட் வீட்டு மனுஷருக்கு, இந்த ஒன்றில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, கோபுரம் நன்றாகத் தெரியும் முன்னால் உட்காரட்டுமா என்று வெள்ளைக்காரர்கள் கேட்டால் பெல்ட் ரிப்பேர் சார் என்று கூசாமல் பொய் சொல்வார், அங்கே பெண்டாட்டி தையல்நாயகி உட்காருவாள், அபி உட்காருவாள், கியர் கம்பியின் மேல் இருக்கும் அவர் கைமேல் தன் சின்னக் கையை வைத்துக்கொண்டு, மூணாவது போடுவோமாப்பா, நாலாவது போடுவோமாப்பா.

கியோத்தோ வருகிறவர்கள் தவறவிடாத தங்க மண்டபத்தை அவர் பார்த்தாரா என்றால் பார்த்தார், குளத்தில் அது தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது, கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, அவர் கண்ணோ வாசல் பக்கமே ஓடியது, போன வேகத்தில் திரும்பிவிட்டார், ஒரு மரத்தின் பின்னால் நின்று கார் நிறுத்தத்தை நோட்டம் விடுகிறார், பெயர் தெரியாத மரம், பொடிப்பொடியாக ஆரஞ்சுப் பூ, ஊரையே தூக்குகிற வாசனை, நிஷிகாவா இறகுத் துடைப்பத்தால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிகரெட் இல்லை, மற்ற டிரைவர்களோடு அரட்டை இல்லை, செல்போனில் யாருடனோ இரண்டு வார்த்தை பேசி வைத்தார், அவ்வளவுதான், குறை என்று ஒன்று கிடைத்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். கலியபெருமாள் வருவதைப் பார்த்ததும் உள்ளே ஏறி நெம்புகோலை இழுக்க, கதவு விரிந்தது, இவர் ஏறினார், மறுபடியும் கை போய்க் கதவை இழுத்துத் தொலைத்தது, ஸாரி ஸாரி.

போன் அடித்தது, தையல்நாயகி. என்னங்க, ஆளைப் பாத்தீங்களா, எப்படி இருக்கார், சொல்லுங்களேன், நான் இங்க துளசிக்குத் தண்ணி ஊத்தக்கூட மறந்துபோய் நிக்கிறேன். பின்னந்தலையைத்தான்டி பாத்தேன், முடி இருக்கு. விளையாடாதீங்க, குணம் எப்படி. ஹாரனே அடிக்க மாட்டேங்கறான்டி. அப்ப நல்ல மனுஷன்தான். என்னத்த நல்ல மனுஷன், என்ன இருந்தாலும் டிரைவர் வீடு, நாளைக்கு நம்ம சொந்தத்துல என்னன்னு சொல்றது. தையல்நாயகி நிதானமாகக் கேட்டாள், நீங்க என்ன அங்க கலெக்டராவா போயிருக்கீங்க. வைத்துவிட்டாள். கண்ணாடியில் நிஷிகாவாவின் கண்கள் ஒருமுறை மேலே வந்து கீழே போயின, தமிழில் வேறு எதுவும் புரிந்திருக்காது, டிரைவர் என்ற ஒரு வார்த்தை எந்த ஊர்க் காதிலும் விழும், கலியபெருமாளுக்கு வாயெல்லாம் கசந்தது, ஏனென்றால் அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும், அந்த வாக்கியத்தையும் தெரியும், அது அவருடையதே இல்லை, வேறு யாரோ அவருக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னது.

கும்பகோணம் ரயிலடி, வெயில் ஏறாத காலை, அபிக்கு வந்த முதல் வரன், மாம்பலத்துக்காரர்கள், டிராவல்ஸ் வச்சிருக்கார் என்று தரகர் சொல்லி வைத்திருந்தார், அன்றைக்குப் பார்த்து வண்டிக்கார முருகையன் லீவு, கலியபெருமாளே வெள்ளை யூனிஃபார்மோடு போய் நின்றார், நான்தான் பெண்ணின் அப்பா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பை கைக்கு வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், சரி, வீட்டு வாசலில் சொல்லிக்கொள்ளலாம், அரசலாற்றுப் பாலம் தாண்டும்போது பின்னாலிருந்து அந்த அம்மாள் சொல்கிறாள், பொண்ணு படிச்சிருக்கு, லட்சணமா இருக்கு, எல்லாம் சரி, ஆனா விசாரிச்சா டிரைவர் வீடாமே, நாளைக்கு நம்ம சொந்தத்துல என்னன்னு சொல்றது, அவள் புருஷன் சொல்கிறார், வந்தது வந்தாச்சு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு அப்படியே ஒப்பிலியப்பனைச் சேவிச்சுட்டுக் கிளம்பிடலாம், கண்ணாடியில் கலியபெருமாளின் கண்கள் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தன, வாசலில் நிறுத்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார், கொல்லைப்பக்கமாக உள்ளே போய் யூனிஃபார்மைக் கழற்றிப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கூடத்தில் கை கூப்பி வாங்க என்றார், அடடா நீங்கதானா சம்பந்தி, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம் என்று அந்த மனிதர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார், அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஓட்டி வந்தவன் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தையல்நாயகியிடம்கூட, வரன் ஒத்து வரலை என்பதோடு விட்டுவிட்டார்.

வண்டி ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றது, கதவு விரிந்தது, இறங்கப் பிடிக்கவில்லை, இறங்கினார். இந்த ஊர்ல எல்லாத்துலயும் மீன் தண்ணி ஊத்துவாங்கப்பா, புரட்டாசி சனிக்கிழமை வேற, பிஸ்கட் எடுத்துட்டுப் போங்க என்று அபி பையில் வைத்துக் கொடுத்திருந்தாள், மற்ற நாளில் நண்டைக்கூட விடமாட்டார், புரட்டாசியில் மட்டும் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார், கலியபெருமாள் என்று பெயர் வைத்துக்கொண்டு பெருமாளிடம் பொய் சொல்ல முடியுமா. நிஷிகாவா அவருக்கு முன்னாலேயே உள்ளே போய்ச் சமையல்காரரிடம் ஏதோ கேட்டார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி கேட்டார், கடைசியில் கடல்பாசித் தண்ணீரில் வெந்த வெள்ளை வெளேரென்ற சோயாக் கட்டி வந்தது, சோறு வந்தது, நிஷிகாவா இரண்டு கையாலும் மீன் நீந்துகிற மாதிரி காட்டி, இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பசியில் அது வெண்ணெயாட்டம் இறங்கியது, பாதிக் கட்டியில் கலியபெருமாளின் கை நின்றது, இது புரட்டாசி என்று இந்த ஆளுக்கு யார் சொன்னது?

கேட்க நினைத்தார், எதை வைத்துக் கேட்பது, சாப்பிட்ட மயக்கம் கண்ணை இழுத்தது, மலையடிவாரமாக வண்டி போய்க்கொண்டே இருந்தது, சிவப்புத் தூண்கள் வரிசை வரிசையாக வந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக, கதவில்லாத வாசல்கள், அவர் வண்டி ஓட்டுகிறார், பின் சீட்டிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மாம்பலத்து அம்மாள் கிமோனோ கட்டிக்கொண்டு பஜ்ஜி சாப்பிடுகிறாள், டிரைவர், கொஞ்சம் சீக்கிரம் போப்பா என்கிறாள், ஓட்டுகிற கலியபெருமாள் திரும்பிப் பார்க்கிறார், திரும்பிய முகத்தில் மூக்கு இல்லை, வாய் இல்லை, ஒரு பின்னந்தலை, திடுக்கிட்டுப் பிரேக்கில் கால் வைத்தார், விரிப்பு தொம் என்றது, விழித்துவிட்டார், வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

ஆற்றங்கரை, வெளிச்சம் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது, அரசலாறோ என்று ஒரு கணம், இல்லை, கரையில் இரண்டிரண்டு பேராக இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீரில் ஒரு கொக்கு மட்டும் ஊர்க் கொக்கு மாதிரியே நின்றது. நிஷிகாவா கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்தார், தன் செல்போனை எடுத்து அதனிடம் நெடுநேரம் பேசினார், பிறகு அதைப் பின்னால் நீட்டினார், ஒரு பெண் குரல் ரேடியோச் செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லிற்று, தங்களது வலது பாதம் மிகவும் களைப்படைந்திருக்கும், காலையிலிருந்து நாம் இருவரும் சேர்ந்தே பிரேக் போடுகிறோம். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை, காது சுட்டது. நிஷிகாவா மறுபடியும் பேசினார், குரல் சொல்லிற்று, அயல்நாட்டவர் அனைவரும் கதவை ஒருமுறை இழுப்பர், ஒவ்வொரு முறையும் ஓசையின்றி இழுப்பவர் ஓட்டுநர் மட்டுமே, மேலும் அபிராமி அவர்களின் நெற்றி தங்களிடம் உள்ளது. அப்புறம் போனைக் கீழே வைக்கப் போய், வைக்காமல், இன்னும் ஒரு வாக்கியம் அவசரமாகச் சொன்னார், குரல் அவசரமே இல்லாமல் சொல்லிற்று, எனது மகன் காலையிலிருந்து உணவு உண்ணவில்லை, தாங்கள் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அப்படியானால் காலையிலேயே தெரியும், தங்க மண்டபத்து வாசலில் பேசியது மகனோடு, புரட்டாசி அங்கேயிருந்து வந்திருக்கிறது, டிரைவர் என்று போனில் சொன்னபோது, யாரைச் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்று அத்தனையும் தெரிந்துதான் அந்தக் கண்கள் மேலே வந்து கீழே போயிருக்கின்றன, அதற்கப்புறம்தான் இந்த மனுஷன் கடைக்குள் போய் மூடியைத் திறந்து மீன் வாசனை பார்த்திருக்கிறார். கலியபெருமாள் போனை வாங்கினார், சம்பந்தி, நான் ஒரு கூறுகெட்டவன், என் நாக்குல சனிதான் உக்காந்துச்சு, மனசுல வச்சுக்காதீங்க என்றார், மீண்டும் தெளிவாகக் கூறவும் என்றது குரல், மறுபடி சொன்னார், மீண்டும் தெளிவாகக் கூறவும், போய்யா நீ என்று அதை சீட்டில் போட்டுவிட்டு எழுந்தார், நிஷிகாவாவுக்கு என்ன தோன்றியதோ, முகம் தொங்கிப்போய் நெம்புகோலை இழுத்தார், பின் கதவு யானைக் காதாக விரிந்தது, கலியபெருமாள் இறங்கினார், முதல் தடவையாகக் கதவைத் தொடாமல் நடந்தார், இரண்டு எட்டு, முன் கதவுக்கு வந்து நின்றார்.

சட்டைப் பையில் அவருடைய போன் துடித்தது, அபி, அப்பா என்றாள், பின்னால் ஆபீஸ் சத்தம்கூட இல்லை, எங்கேயோ மாடிப்படியில் ஒளிந்து நிற்கிறாள் போல, அபி, அம்மாகிட்ட சொல்லிடும்மா, அப்பா முன் சீட்ல ஏறப் போறேன்னு சொல்லு, அவளுக்குப் புரியும் என்றார், எனக்கும் புரியும்ப்பா என்றாள் அபி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது.

முன் கதவு தானாகத் திறக்கவில்லை, இதற்கு நெம்புகோல் இல்லை போலிருக்கிறது, கலியபெருமாள் கைப்பிடியில் கை வைத்தார், அதற்குள் நிஷிகாவா வண்டியைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார், அந்த ஓட்டம் கலியபெருமாளுக்குத் தெரிந்த ஓட்டம், கையுறை இல்லாத வெறும் கை இவர் கைமேல் வந்து விழுந்தது, ஸ்டியரிங் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை, இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார், காலையில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட சின்னக் கீறல் தாடையில், பயந்திருக்கிறார் மனிதர், நம்மைவிடப் பயந்திருக்கிறார், நீ விடு, நான் திறக்கிறேன் என்று இரண்டு பேரும் இரண்டு பாஷையில் சொல்ல, இரண்டு கைகளும் சேர்ந்து இழுத்ததில் கதவு திறந்தது, ஃபிளாஸ்க்கையும் தொப்பியையும் வாரி எடுத்துப் பின் சீட்டில் போட்டார் நிஷிகாவா, கலியபெருமாள் ஏறி உட்கார்ந்தார், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார், கதவு மெல்ல வந்தது, நிஷிகாவாவின் உள்ளங்கையால், ஓசையே எழாமல், வேட்டி நுனி மாட்டிக்கொள்ளாத பக்குவத்தில், அவர் இன்றைக்கு வேட்டியே கட்டவில்லை.