கடலில் வந்த தாய்வீடு

கோடியக்கரையைத் தாண்டியதிலிருந்து மரகதத்தின் தாய்வீடு படகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

கலியமூர்த்தி அதைக் கவனிக்காத மாதிரி என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் வாங்கிய பழைய படகு. பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு அதைத் தன் ஊரான கட்டுமாவடிக்குக் கொண்டுபோகிறார். கரையோரமாகவே போனால் சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம் என்று நினைத்திருந்தார். மாமியார் வீடு கடலில் இறங்கும் என்று நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

அது ஓட்டு வீடு. அலைக்குத் தகுந்தாற்போல ஏறி இறங்கி வந்தது. கொல்லைப்புறத்து முருங்கை மரமும் கூடவே வந்தது. வாசற்படியில் மரகதத்தின் அண்ணன் வேதரத்தினம் உட்கார்ந்து, ஊஞ்சல் பலகையால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி துளிகூட நனையவில்லை. அந்த மனுஷர் எப்போதுமே அப்படித்தான்.

“என்னங்க, எங்க வீடு வருது” என்றாள் மரகதம்.

“பாத்தேன்.”

“கொஞ்சம் நில்லுங்களேன். பாவம், மூச்சு வாங்குது அதுக்கு.”

“எதுக்கு வருதோ என்னமோ.”

எதற்கு வருகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆடி பிறக்கப்போகிறது. இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். முப்பது வருஷம் ஆயிற்று. முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக யாரும் வரவில்லை. அந்த ஆடி முழுக்க மரகதம் புடவைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். போயிருந்தால் திரும்பி வந்திருப்பாளா? இந்த ஒரு கேள்வியைக் கலியமூர்த்தி முப்பது வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறார். ஒரு நாளாவது அவளிடம் கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டை.

வேகத்தைக் கூட்டினார். என்ஜினோ மாமியார் வீட்டைக் கண்டதும் மரியாதையாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

முத்துப்பேட்டை வந்தது, போயிற்று. அதிராம்பட்டினம் சற்றுத் தாமதமாக வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் கடலின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆனி. அந்தப் பக்கம் ஆடி. அங்கே காற்று சுழன்று அடித்தது. இங்கே மரகதத்தின் முடி ஒன்றுகூடப் பறக்கவில்லை.

கயிற்றின் மேல் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. மடியில் முருங்கைக்கீரை. உருவிக்கொண்டே கேட்டாள்.

“புதுசாக் கல்யாணம் ஆனவங்களா?”

“முப்பது வருஷம் ஆச்சும்மா” என்றார் கலியமூர்த்தி.

“பொண்ணு தாய்வீட்டுல ஆடி கழிச்சாச்சா?”

“இல்ல.”

“அப்பப் புதுசுதான். சேந்து போகக் கூடாது.”

கலியமூர்த்திக்குச் சுர்ரென்று வந்தது. “எங்களுக்குப் பேரன் இருக்கான்!”

“அவன் போகட்டும். அவனுக்குத் தடையில்ல.”

அதற்குள் தாய்வீடு வந்து படகில் மெதுவாக இடித்து நின்றது.

வேதரத்தினம் பலகையைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு தாம்பாளத்துடன் வந்தார். தேங்காய், பழம், வெற்றிலை, பச்சைப் புடவை, மல்லிகைப்பூ. தங்கையின் முகத்தை நேரே பார்க்க அவரால் முடியவில்லை. தேங்காயைப் பார்த்துப் பேசினார்.

“ஆடிக்கு வா, மரகதம். அப்பா இருந்தவரைக்கும் விடல. அவர் போனப்புறம் வர எனக்கு மொகம் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அதான் வீட்டையே கொண்டாந்துட்டேன்.” பிறகு கலியமூர்த்தியிடம் திரும்பினார். “மாப்ள, நீங்களும் ஒரு வார்த்த சொல்லணும்.”

மாப்ள! இந்த ஆளைக் கண்டால் நறுக்கென்று கேட்பதற்குக் கலியமூர்த்தி எத்தனையோ கேள்வி சேர்த்து வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லில் அத்தனையும் கரைந்துபோயின.

“கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான்” என்றார்.

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. மரகதம் அதற்குள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் படியேறிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இங்க ஆடி எவ்ளோ தூரம்மா?” என்று காக்கிச் சட்டை அம்மாளிடம் கேட்டார்.

“இந்த எடத்துல ஒடுக்கந்தான். ராமேஸ்வரம் பக்கம் போனாத்தான் அகலம்.” கீரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

படகும் வீடும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்குள் போயின. ஒடுக்கமாக இருந்தாலும் மாதம் மாதந்தான். கலியமூர்த்திக்குத் தாடி வளர்ந்தது. சட்டையில் பொத்தான் போயிற்று. தேநீர் போட்டார், உப்புக் கரித்தது. மரகதம் உட்கார்ந்திருந்த பக்கமே படகு சாய்ந்து ஓடியது. காற்று அவர் துண்டைப் பறித்துக்கொண்டு போய், மடித்துத் திருப்பிக் கொடுத்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணனை ஏதோ கிண்டல் செய்கிறாள். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவள் இந்த ஓட்டைப் படகுக்கு எதற்கு வரப்போகிறாள்?

இரண்டாவது கயிறு வந்தது. அதற்கு யாரும் காவல் இல்லை. தாண்டியதும் காற்று நின்றது. ஆவணி. வீடும் நின்றது.

கதவு திறக்கவில்லை.

கலியமூர்த்தி படகில் நின்றார். வேதரத்தினம் வெளியே வந்து படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். கலியமூர்த்தியும் வானத்தைப் பார்த்தார்.

“மழ வரும்போல” என்றார் வேதரத்தினம்.

“வரும் வரும்.”

“வந்தா நல்லது.”

“நல்லதுதான்.”

முருங்கைப்பூ கடலில் உதிர்ந்துகொண்டிருந்தது. கலியமூர்த்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“மச்சான், அவ வரலன்னு சொல்லிட்டாளா?”

முப்பது வருஷத்துக் கேள்வி ஒருவழியாக வெளியே வந்து விழுந்தது. அதுவும் கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு மச்சானிடம். வேதரத்தினம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மாப்ள நீங்க? ஆடி முடிஞ்சா புருஷன்தான வந்து கூப்புடணும்? கட்டிக்குடுத்த பொண்ணு தானா எறங்கி ஓடி வருமா? அவ அப்பலேந்து கதவுக்குப் பின்னாடி நிக்கிறா. நீங்க என்னடான்னா எங்கூட மழயப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறீங்க.”

கலியமூர்த்தி தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு படகிலிருந்து வாசற்படிக்குத் தாவினார். பாதிதான் எட்டியது. வேட்டி இடுப்புவரை நனைந்தது. போகட்டும், யார் பார்த்தது! சொட்டச் சொட்டப் போய்க் கதவைத் தட்டினார்.

“மரகதம், வா. நம்ம வீட்டுக்குப் போ...”

சொல்லி முடிக்கவில்லை. கதவு திறந்தது. பச்சைப் புடவையில் நின்றாள் மரகதம். கையில் ஆடிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் தேங்காய்ப்பால், வெள்ளி டம்ளரில். அவருக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இனித்தது. வயிற்றில் இறங்க இறங்க, அங்கே இத்தனை வருஷமாக இறுகிக் கிடந்தது என்னவோ தளர்ந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தார். வீட்டுக்குள் நிற்கிறவள் செருப்புப் போட்டிருந்தாள்.

“என்ன பாக்குறீங்க?” என்றாள் மரகதம். “ஆடி மொதல் நாள்லேந்து போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”