இரண்டு விரல் வடக்கு

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிவிட்டு, அந்த டிசம்பரோடு ஓய்வு பெறவிருந்தாள் பான் யோன்சில். வழியனுப்பு விழா என்று சொல்லி அலுவலகத்து இளசுகள் அவளை முர்கோல் வட்டார அருங்காட்சியகத்துக்கு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓய்வு பெறப் போகிறவளைப் பழைய சாமான் வைக்கிற இடத்துக்குத்தான் கூட்டிப்போகத் தோன்றியதா என்று அவள் வழியிலேயே கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

உடைந்த பானைகள், வைக்கோல் செருப்புகள், அரசர் காலத்து மழைமானி எல்லாவற்றையும் பார்த்து முடித்து முற்றத்துக்கு வந்தார்கள். அங்கே இடுப்புயரக் கல்மேடையில் வானத்தைப் பார்த்து வாய் பிளந்த வெண்கலக் கொப்பரை ஒன்று இருந்தது. அதன் உட்புறம் முழுக்கக் கோடுகள், நடுவே கொம்பு போல் ஒரு முள். முள்ளின் நிழல்நுனி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. காப்பாளர் மா கியூதே கையை உயர்த்தி எல்லோரையும் போனைப் பார்க்கச் சொன்னார். போனில் சரியாகப் பன்னிரண்டு ஆனது. நிழலும் பன்னிரண்டாம் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நம் முன்னோர்கள் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை பாருங்கள் என்று அவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள்.

யோன்சில் தட்டவில்லை.

கொரியாவில் எல்லோர் கையிலும் ஓடுகிற கடிகாரம் கிழக்கே ஜப்பானின் மேல் போகிற தீர்க்கரேகையை வைத்து ஓடுவது. அங்கே உச்சிக்கு வந்த சூரியன் முர்கோலுக்கு வந்து சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும். இது அளவைத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். நிழல் கடிகாரம் சரியாக இருந்தால் அந்த நேரத்துக்குப் பதினொன்றரை காட்ட வேண்டும். போனோடு ஒத்துப்போகிறது என்றாலே அது தப்பாக நிற்கிறது என்று அர்த்தம். நிறுத்தியது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்மேடையில் சின்னப் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது: ‘திசை அளந்தவர், பான் யோன்சில்.’

எட்டு வருடத்துக்கு முன் திறப்புவிழாவுக்கு முதல்நாள் நடந்தது அது. நான்கு நாளாக வெயிலே இல்லை. பெரிய கருவியின் பேட்டரி குளிரில் செத்துப்போயிருந்தது. அவள் சட்டைப்பையில் இருந்த காந்த ஊசியை வைத்து வடக்கு பார்த்தாள். அந்த ஊரில் காந்த ஊசி உண்மை வடக்குக்கு எட்டு பாகை மேற்கே தள்ளித்தான் நிற்கும். அதைக் கழிக்க வேண்டும் என்று உள்ளங்கையில் ‘8’ என்று எழுதிவைத்தாள். அப்போது சாப்பாடு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டாள், திரும்பி வந்து கொப்பரையை ஊசி காட்டிய பக்கமே திருப்பி முடுக்கினாள். மறுநாள் வெயில் வந்தது, கடிகாரத்தோடு ஒத்துப்போனது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவளுடைய தப்பும் அரை மணி வித்தியாசமும் ஒன்றையொன்று தின்றுவிட்டிருந்தன. கோடையில் மட்டும் நிழல் கொஞ்சம் பின்தங்கும். வெயிலில் வெண்கலத்துக்கும் சோம்பல்தான் என்று மா கியூதே அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார்.

அருங்காட்சியகம் பார்த்த அன்று மாலையே அவள் அவர் அறையில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் போட்ட தாளை மேசையில் வைத்தாள். அவர் எலுமிச்சைத் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாரே தவிர தாளைத் தொடவில்லை.

“மேடம், சரியான நேரம் காட்டுதேன்னு குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்.”

“ரெண்டு விரல் கிழக்கால திருப்பணும் சார். நாலே போல்ட்டு. நானே வந்து பண்ணிடறேன்.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காரணங்களை அடுக்கினார். வருகிற சனிக்கிழமை தோங்ஜி, வருடத்திலேயே பகல் குறைந்த நாள். வருடாவருடம் அன்று ஊரே திரண்டு வந்து சிவப்புப் பயறுக் கஞ்சி குடித்துவிட்டு அந்தக் கொப்பரையைத்தான் பார்க்கும். துண்டுப்பிரசுரத்தில் ‘நிமிடம் பிசகாத முன்னோர் அறிவு’ என்று அச்சடித்தாயிற்று. திருப்பினால் அரை மணி பின்தங்கும், அப்புறம் முன்னோர்களுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரிக்கும். கடைசியாக அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நான் அளந்தது தப்புன்னு நீங்களே வாயால சொன்னா, இந்த முப்பத்தொரு வருஷமா நீங்க நட்ட கல்லு அத்தனையும் ஆடும். முதல் ஆளா குவாக் வந்து நிப்பாரு.”

அது அவளைக் குத்தியது. குவாக் தால்சூ சீமைப்பனிச்சைப் பழத் தோட்டக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் நட்ட எல்லைக்கல்லால் மூன்று மரம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அலுவலகத்தில் எல்லோருக்கும் உலர்த்திய பழம் ஒவ்வொரு பெட்டி கொண்டுவந்து கொடுப்பார், அவள் மேசையை மட்டும் தாண்டிப் போவார். அந்தக் கல்லை வருடம் ஒரு முறை எட்டி உதைப்பதாகவும் கேள்வி.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். யாருக்குத் தெரியப் போகிறது, இன்னும் இரண்டு வாரத்தில் நீ வீட்டில் இருப்பாய் என்றார் அவர். எனக்குத் தெரியுமே என்றாள். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை, அவளோடு குடித்தனம் நடத்தி அவருக்கும் முப்பது வருடம் ஆகியிருந்தது. அவள் மட்டும் வெகுநேரம் விழித்துக் கிடந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய வேலியில் அவள் பேச்சுதான் நின்றுகொண்டிருந்தது, அந்தப் பேச்சை அவளே ஆட்டப் போகிறாள். ஆனாலும் அந்தத் தகட்டில் பெயரைப் போட்டுக்கொண்டு பொய்யான வடக்கைப் பார்த்து நிற்க அவளால் ஆகாது.

சனிக்கிழமை காலை பளீரென்று விடிந்தது. யோன்சில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அளவைக் கம்போடும் சுத்தியலோடும் முற்றத்துக்கு வந்தாள். தரை உறைந்து கல்லாகக் கிடந்தது. கடப்பாரையால் குழி பறித்துக் கம்பை நட்டு, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தினாள். மா கியூதே ஓடிவந்து என்ன இது என்றார். நிழல் பார்க்கும் நாளில் நிழல் பார்க்கிறேன், கொப்பரையை நான் தொடவில்லையே என்றாள். கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவரால் அவளைத் தடுக்க முடியவில்லை.

பத்தரைக்குக் கம்பின் நிழல்நுனி விழுந்த இடத்தில் ஓர் இரும்பு முளை அடித்தாள். கம்பில் கயிற்றைக் கட்டி, அந்த முளை வரை நீட்டிப் பிடித்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டாள். இது அந்தக் கொப்பரையைச் செய்தவர்களுக்கும் முந்தியவர்களின் வித்தை. நிழல் வட்டத்துக்குள் போய்க் குறுகி, பிற்பகலில் மறுபடி வளர்ந்து வட்டத்தைத் தொடும். கம்பிலிருந்து இரண்டு புள்ளிக்கும் நட்டநடு இடத்துக்குக் கோடு இழுத்தால் அதுதான் வடக்கு. காந்தமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

நான்கு மணி நேரம் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை யாரோ கையில் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தாள். நடுவில் பன்னிரண்டு அடித்தது, எல்லோரும் கொப்பரைப் பக்கம் ஓடிக் கைதட்டிவிட்டு மறுபடி அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். கம்பின் நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். உச்சி ஆகிவிட்டது என்று கொப்பரை சொல்கிறதே, நிழல் ஏன் நிற்கவில்லை என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். மா கியூதே கஞ்சி ஆறிப்போகும் என்று எல்லோரையும் கூப்பிட்டார்.

இரண்டரைக்குச் சற்று முன் நிழல் வட்டத்தைத் தொட்டது. அவள் இரண்டாவது முளையை அடித்தாள், நடுவை அளந்தாள், கயிற்றைக் கம்பிலிருந்து அந்த நடு வழியாகக் கொப்பரை மேடை வரை இழுத்துப் பிடித்துத் தரையில் கோடு போட்டாள். பிறகு கொப்பரையின் பன்னிரண்டாம் கோட்டின் மேல் இன்னொரு கயிற்றை நீட்டினாள். இரண்டு கயிறும் கத்தரிக்கோல் மாதிரி பிரிந்து கிடந்தன.

“இதை இங்க வச்சது நான்தான்,” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “தப்பா வச்சிருக்கேன். எட்டு வருஷமா தப்பாவே நிக்குது.” அப்புறம் காப்பாளரிடம் திரும்பினாள். “முன்னோர் அறிவுன்னு அச்சடிச்சிருக்கீங்க சார். அவங்க வச்சது முர்கோல் உச்சி. நாம கைதட்டினது ஜப்பான் உச்சிக்கு.”

மா கியூதேயின் முகம் கஞ்சியின் நிறத்துக்கு வந்தது. அப்புறம் மேல்கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவள் பையிலிருந்த ஸ்பேனரைத் தானே எடுத்தார். நான்கு போல்ட்டையும் தளர்த்தினார். அவளும் அவருமாகக் கொப்பரையை இரண்டு விரல் கிழக்கே நகர்த்தினார்கள். நிழல் அரை மணி பின்னால் போய் உட்கார்ந்தது. தகட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடட்டுமா என்று அவர் மெல்லக் கேட்டார். இப்போதுதான் அது இருக்க வேண்டும் என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் கொப்பரையருகே நின்றார். குவாக் தால்சூ. அவள் கயிற்றைச் சுருட்டுவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

“ஆக, சர்வேயரம்மாவும் தப்பு பண்ணுவீங்க.”

“பண்ணுவேன் ஐயா. பண்ணிட்டுத்தானே நிக்கிறேன்.”

“அப்ப என் மூணு மரம்?”

அவளுக்கு அந்தக் கேள்வி வரும் என்று ஒரு வாரமாகவே தெரியும்.

“இன்னும் ஒரு வாரம் நான் வேலையில இருக்கேன். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்து மறுபடி அளக்கிறேன். தப்புன்னா கல்லை நானே பிடுங்கறேன். சரியா இருந்தா அதை நீங்க உதைக்கறத நிறுத்தணும்.”

குவாக் குனிந்து கொப்பரையின் நிழலைப் பார்த்தார். போனை எடுத்து அதையும் பார்த்தார்.

“எந்த ஒம்பது? இதா, அதா?”

“போன் ஒம்பதுக்கு வந்துடுவேன்,” என்றாள் யோன்சில், கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டே. “நீங்க வெயில் ஒம்பதுக்கு வாங்க. அதுவரைக்கும் கல்லுகிட்டயே நிப்பேன்.”